பாட்டுக் கேசட்டுகளைத் திருப்பி அனுப்பும்படி மச்சானுக்கு எழுதியது

ரயில்வே குடியிருப்பு,
லாலாகுடா, செகந்திராபாத்.
வியாழக்கிழமை, நவம்பர் 1984.

கர்த்தருக்குள் பிரியமான துரைராஜ் மச்சான் அவர்களுக்கு, கொர்னேலியஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை ஜெயசுந்தரியும் பிள்ளை எலிசபெத்தும் ஆண்டவர் கிருபையால் சுகம். சுகம் என்பது கடித மரியாதைக்காக எழுதுவது. உடம்பு சுகம்தான், மனசு அப்படி இல்லை. பாளையங்கோட்டையில் அக்காவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது, கடையில் நோட்டு வியாபாரம் எப்படி, மழை உண்டா என்றெல்லாம் நான் விசாரித்ததாக வைத்துக்கொண்டு, பதிலில் அவற்றுக்கும் சேர்த்து எழுதவும். நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடையில் வைத்து விற்கும்படி போன ஆகஸ்டில் என் பாட்டுக் கேசட்டுகள் ஒரு பார்சல் அனுப்பியிருந்தேன் அல்லவா, அவற்றை அப்படியே கட்டித் திருப்பி அனுப்பவும். விற்றது போக மீதி என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் ஒன்றும் விற்றிருக்காது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். 'நல்ல மூவ்மெண்ட் இருக்கிறது' என்று போன கடிதத்தில் நீங்கள் எழுதியது, தங்கை புருஷன் மனசு நோகக்கூடாதே என்பதற்காக. கண்ணாடி அலமாரியிலிருந்து பரணுக்குப் போனதுதான் அந்த மூவ்மெண்ட் என்று அக்கா உங்கள் தங்கைக்குத் தனியாக எழுதிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. நான் இசையை விட்டுவிட்டேன். ஆர்மோனியம் வருகிற ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூலுக்குப் போகிறது. குருவானவரிடம் எழுதியே கொடுத்துவிட்டேன்.

ஐம்பத்திரண்டு வயதில், பெண்ணைக் காலேஜில் படிக்க வைத்துக்கொண்டு, ஒர்க்‌ஷாப் ஸ்டோர்ஸில் ஹெட் கிளார்க்காக இருக்கிற மனுஷனுக்கு இந்த வேலை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கேட்காதீர்கள். நான் சர்ச் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று காலமெல்லாம் பாஸ் என்கிற அடிக்குரல் பாடியவன். பாஸ் பாடுகிறவனை யாரும் கேட்பதில்லை, அவன் நிறுத்தினால்தான் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி இருந்த எனக்குள்ளே சொந்தமாகப் பாட்டுகள் வர ஆரம்பித்தன. கீர்த்தனையும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. ரேஷன் கடை வரிசை, ஷிஃப்ட் சங்கு, வெயிலில் காயப்போட்ட வடகம், இந்த மாதிரி. மெட்டுப் போட்டு ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்துவிட்டு, எனக்கு நானே இன்னும் இரண்டு தடவை பாடிக்கொண்டேன், மச்சான். உங்கள் தங்கையைக் கூப்பிட்டுப் பாடிக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. மண்ணெண்ணெய் தீந்துபோச்சு, வாங்கணும்" என்றாள். எலிசபெத்தைக் கூப்பிட்டால், "டாடி, நாகு ரேப்பு எக்ஸாம் உந்தி" என்று தெலுங்கில் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவளுக்கு நாளைக்குப் பரீட்சை இல்லாத நாளே கிடையாது.

வீட்டு ஆட்கள் கேட்பது கணக்கில் வராது. சொந்தக்காரனாக இல்லாத ஒரே ஒரு ஆள், நான் கெஞ்சாமல், தானாக என் பாட்டு ஒன்றை விரும்பிக் கேட்கவேண்டும். என் ஆசை அவ்வளவுதான். பத்திரிகையில் போட்டோ வரவேண்டும், மாலை போடவேண்டும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குள் அப்படி ஒரு ஆள் கிடைக்காவிட்டால் ஆர்மோனியத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்று உங்கள் தங்கையிடம் நானே வாக்குக் கொடுத்தேன். அவள் அன்றைக்கே அந்த மூலையை முழம் போட்டு அளந்து பார்த்தாள். தையல் மெஷினுக்குச் சரியாக இருக்குமாம்.

பதிவு வீட்டிலேயே நடந்தது. ஜன்னல்களில் கம்பளி கட்டி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து விறுவிறுத்துப் பாடினேன். மூன்றாவது பாட்டில் சரணத்துக்கு முன்னால் வருகிற விசில் பக்கத்து வீட்டுக் குக்கர், ஐந்தாவதில் வருவது ஷண்டிங் என்ஜின். இரண்டும் தாளத்தில்தான் விழுந்திருக்கின்றன. பிறகு செகந்திராபாத்தில் ஒரு கடையில் கொடுத்து, வெற்றுக் கேசட்டுகளில் நகல் எடுக்கச் சொன்னேன். எல்லாம் முடிந்ததும் கடைக்காரன் ஒரு கேள்வி கேட்டான். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னதாகப் பிளாஸ்டிக் பல் மாதிரி இருக்கிறதே, அதை உடைத்துவிடட்டுமா என்று. மச்சான், ஸ்டோர்ஸில் எந்தச் சாமான் உடைந்தாலும் விளக்கம் கேட்டு மெமோ எழுதுகிறவன் நான். புத்தம்புதுச் சரக்கை, கடைவாசல் தாண்டுமுன்னே, நானே நின்று உடைக்கச் சொல்வதா? ஒரு பல் உடைந்திருந்தாலும் வாங்கமாட்டேன் என்று சொல்லி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துச் சரிபார்த்து வாங்கி வந்தேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பார்த்ததற்குப் பதிலாக வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லியிருக்கலாம்.

அடுத்தது அட்டை. நான் போன அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் நினைவஞ்சலி அட்டையும்தான் அடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் அட்டை அட்டைதானே என்று இருந்துவிட்டேன். கோட்டுப் போட்டு எடுத்த என் போட்டோவை முட்டை வடிவத்தில் வெட்டி, இரண்டு பக்கமும் லில்லிப் பூ வைத்து, தலைக்கு மேலே ஒரு சிலுவையும் புறாவும் பறக்கவிட்டு, கீழே 'கொர்னேலியஸின் இனிய கீதங்கள்' என்று கறுப்பு பார்டருக்குள் போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று கொஞ்சம் கேசட்டுகளை இலவசமாகக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்த பெண்கள் நேரே உங்கள் தங்கையிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தார்நாகாவிலிருந்து வருகிற ஒரு அம்மாள், "அடக்கம் எப்பம்மா? எங்களுக்குத் தகவலே வரலியே" என்று அழவே ஆரம்பித்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது என்று உங்கள் தங்கை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கடைகளுக்கும் போனேன். ஒரு கடையில், "கோன்ஸி பிக்சர்?" என்று கேட்டான். எந்தப் படத்துப் பாட்டு என்கிறான். படம் இல்லை என்றேன். பக்திப் பாட்டா என்றான். அதுவும் இல்லை என்றேன். "ஃபிர் கைக்கு காயே சாப்?" என்றான். அப்புறம் எதற்காகப் பாடினீர்கள் என்று அர்த்தம். கிண்டலாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டான். நான் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒர்க்‌ஷாப் கேன்டீனில் நம் தமிழ் ஆள் நடேசன் இருக்கிறார், தஞ்சாவூர்ப் பக்கம். அவரைப் பிடித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒலிபெருக்கியில் போட வைத்தேன். இரண்டு நாள் கழித்து அவரே என்னைத் தேடி வந்தார். "சார், உங்க கேசட்ட தினம் போடச் சொல்றார் காண்ட்ராக்டர்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாட்டு அவ்வளவு பிடித்துவிட்டதா என்று கேட்டேன். "அதில்ல சார். பாட்டு போட்டா எல்லாரும் சீக்கிரம் சாப்பிட்டு எழுந்து போயிடறாங்க. டேபிள் சட்டுனு காலியாவுது" என்றார். மனுஷன் பாராட்டாகத்தான் சொன்னார். அன்றைக்கு எனக்கு ரசம் இறங்கவில்லை.

பிறகுதான் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலம் வந்தது. நம் ஏலத்து வழக்கம் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பூசணிக்காயை ஏலத்தில் எடுத்தவர் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் மரியாதையில்லை, 'ஆண்டவருக்கே' என்று திருப்பிக் கொடுக்கவேண்டும், அது மறுபடி ஏலத்துக்கு வரவேண்டும். தோட்டமோ கோழியோ இல்லாத நான் என் முதற்பலனாக ஒரு கேசட்டைக் கொடுத்தேன். ஏலம் போட்டவர் சபைச் செயலாளர் ஞானசிகாமணி. கேசட்டைத் தூக்கிக் காட்டி, "இதில் பாடியிருக்கிறவர் இன்னும் நம் மத்தியில்தான் இருக்கிறார்" என்று அறிமுகம் செய்தார். தார்நாகா டாக்டர் ஒருவர் எடுத்து, எழுந்து நின்று, 'ஆண்டவருக்கே' என்று திருப்பிக் கொடுத்தார். ஹப்சிகுடாவில் வீடு கட்டியிருக்கிற எஞ்சினியர் அதைவிட உயர்த்திக் கேட்டு எடுத்து, இன்னும் சத்தமாகத் திருப்பிக் கொடுத்தார். டாக்டர் விடுவாரா? இப்படியே அந்த ஒரே கேசட் கை மாறிக் கை மாறி, சேவலையும் பலாப்பழத்தையும் தாண்டிப் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் 'கொர்னேலியஸ் கேசட், கொர்னேலியஸ் கேசட்' என்று மைக்கில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது, மச்சான். சாயங்காலம் ஹாலைப் பெருக்கும்போது ஞானசிகாமணி அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "பூசணிக்காயைக்கூட கடைசில ஒருத்தர் கொண்டுபோயிட்டாருங்க. இது மட்டும் நின்னுபோச்சு" என்றார். மேலே சுற்றியிருந்த கண்ணாடிக் காகிதம் பிரிக்கப்படவே இல்லை. இந்த ஊரில் அத்தனை தடவை விற்ற கேசட் வேறு கிடையாது. ஒருவரும் கேட்காத கேசட்டும் வேறு கிடையாது.

நான் சோர்ந்து உட்கார்ந்திருந்த அந்தச் சமயத்தில்தான் காஜா மியான் வந்தார். அவர் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கிற கேரியேஜ் ஷாப்பில் ஃபிட்டர், வீடு மௌலாலியில். அறிமுக விலை என்று நான் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு கேசட் வாங்கிப் போனார். மறுவாரம் வந்து இன்னும் கொஞ்சம் கேட்டார். அதற்கடுத்த வாரம், "தஸ் கேசட் அவுர் ஹை க்யா சாப்?" என்றார், இன்னும் பத்து இருக்குமா என்று. அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். "ஹவ் சாப், ஃபஸ்ட் கிளாஸ்" என்று தலையை ஆட்டினார். தன் தம்பி சலீம் ஜித்தாவில் வேலை பார்க்கிறான், அவனுக்கு அனுப்பினோம், எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள், தம்மாமுக்கும் துபாய்க்கும்கூடப் போகிறது என்றார். இசைக்கு மொழி கிடையாது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சர்ச்சில் சொன்னேன். ஆபீசரிடம் சொன்னேன். அட்டையில் மையால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். உங்களுக்கும் 'நம் கீதம் கடல் கடந்தது' என்று ஒரு கார்டு எழுதினேன், அதைத் தயவுசெய்து கிழித்துவிடவும். உங்கள் தங்கையிடம், ஒரு ஆள் கேட்டேன், ஒரு தெருவே கேட்கிறது, ஆர்மோனியம் இருந்த இடத்தை விட்டு நகராது என்று சொன்னேன். அவளும் ஒத்துக்கொண்டு தையல் மெஷின் பேச்சை விட்டுவிட்டாள்.

போன ஞாயிறு காஜா மியான் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார், அவருடைய அம்மா நேரில் நன்றி சொல்லவேண்டுமாம். நான் அட்டைப் படத்தில் இருக்கிற அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு போனேன். முற்றம் நிறையப் பெண்கள். எல்லார் கையிலும் என் கேசட், எல்லாவற்றிலும் லில்லிப் பூவுக்கு நடுவே என் முகம். சேமியா பாயசம் கொடுத்தார்கள். அந்த அம்மாள், தலை நிறைய நரை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை ஆசீர்வதித்தார். பிறகு டேப்ரெக்கார்டரைக் கொண்டுவந்து வைத்து, இந்த வாரம் ஜித்தாவுக்குப் போகப்போவது என்று சொல்லி ஒரு கேசட்டைப் போட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு என் குரலுக்குக் காத்திருந்தேன்.

"சலீம், பேட்டா" என்று அந்த அம்மாள் குரல் வந்தது. கூரை ஒழுகுகிறது, காஜா தார் பூசியிருக்கிறான். உன் தங்கைக்கு முன்பே சொன்ன அந்த இடம் இன்னும் முடிவாகவில்லை, பையன் நல்லவன், மீசைதான் சரியில்லை. ஆடு குட்டி போட்டிருக்கிறது. வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொண்டு வேலை செய். இப்படிப் போகிறது. பேசி முடிந்ததும் காஜா மியான் பட்டனைத் தட்டி நிறுத்தினார். அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேருக்குக் கடிதம் எழுதத் தெரியாது, கேசட்டில் பேசித்தான் பிள்ளைகளுக்கு அனுப்புகிறார்கள். கடையில் விற்கிற வெற்றுக் கேசட்டை விட என் கேசட் விலை குறைச்சல், முதுகில் அந்தப் பல் உடையாமல் முழுசாக இருப்பதால், ஏற்கெனவே இருப்பதற்கு மேலேயே பதியலாம். ஆவாஜும், அதாவது குரலும், ரொம்ப சுத்தமாக விழுகிறதாம். உடைக்காத அந்தப் பல்லின் அருமை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முன்னாலே இருந்த பாட்டு என்ன ஆச்சு என்று காஜா மியானிடம் மெதுவாகக் கேட்டேன். "கைக்கு சாப், இஸ்மே கானா பி தா க்யா?" என்றார். இதில் பாட்டும் இருந்ததா என்று கேட்கிறார், மச்சான். என் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போய், "புரா நக்கோ மானோ சாப்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தப்பாக நினைக்கவில்லை என்றேன். அவர்மேல் நினைக்க என்ன இருக்கிறது?

திரும்பி வருகிறபோது ரிக்‌ஷாவில் உங்கள் தங்கை சிரித்தாள் பாருங்கள், ரிக்‌ஷாக்காரர் நிறுத்திவிட்டு என்ன ஏது என்று பார்க்கிற அளவுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "அந்தம்மா பேசுனது நல்லா இருந்துச்சுங்க. உங்க பாட்டுக்கு மேல அத வச்சதுல ஒண்ணும் தப்பில்ல" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, அதுதான் எனக்குப் பெரிய துக்கம். ஆறுமாதம் பாடுபட்டேன், மச்சான். கடைசியில் நான் நல்ல வெற்றுக் கேசட் விற்றவன் என்றுதான் பெயர் எடுத்திருக்கிறேன். தையல் மெஷின் புதன்கிழமை வந்துவிட்டது, இப்போதைக்கு நடுவீட்டில் நிற்கிறது. நேற்று ஆர்மோனியத்தைத் துணி போட்டு மூடினேன். இனிமேல் நான் சர்ச்சிலே பாஸ் பாடுவேன், வீட்டிலே வாய் திறக்கமாட்டேன்.

ஆகவே பார்சலை உடனே அனுப்பவும். அனுப்புகிற செலவு அதிகம் என்று பட்டால் நீங்களே வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பாடம் ஒப்பிக்கவோ, அக்கா ஜெபம் பதியவோ பயன்படுத்திக்கொள்ளவும். ஆவாஜ் சுத்தமாக விழும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லோருடைய அன்பும் ஸ்தோத்திரமும். வருகிற பண்டிகைக் காலத்தில் உங்கள் வீட்டில் சமாதானமும் நெய்ப் பலகாரமும் குறைவில்லாமல் இருக்க ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் புருஷன் மட்டுமான,
கொர்னேலியஸ்.

பி.கு.: மச்சான், இது வெள்ளிக்கிழமை காலை எழுதுவது. பார்சலைக் கட்டியிருந்தால் அவிழ்க்கவும். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடவும். தபாலில் போடக் கிளம்பிக்கொண்டிருந்தேன், வாசலில் காஜா மியான் சைக்கிளை நிறுத்தி, இதைக் கேளுங்கள் சாப் என்று ஒரு கேசட்டை நீட்டினார். முதலில் அனுப்பிய கேசட்டுக்கு ஜித்தாவிலிருந்து சலீமின் பதில் அது. நடுவீட்டில் தையல் மெஷின்மேல் வைத்துப் போட்டோம். உடம்பு சரியாக இருக்கிறது, பணம் கிடைத்ததா, தங்கைக்கு அந்த மீசைக்காரனையே பேசி முடியுங்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டுப் பையன் கேட்கிறான், "அம்மி, தும்ஹாரே பாத் கோன் காரா?" உனக்கு அப்புறம் யாரோ பாடுகிறாரே, அது யார் என்று. அம்மா பேச்சு முடிந்த பிறகும் அவன் மெஷினை நிறுத்தவில்லை போலிருக்கிறது, மச்சான். பேச்சு நின்ற இடத்திலிருந்து என் பாட்டு வந்திருக்கிறது. அது ஹப்சிகுடா ஸ்டாப்பில் நிற்காமல் போகிற பஸ்ஸைப் பற்றி நான் கோபத்தில் எழுதிய பாட்டு. அவன் அறையில் இருக்கிற மலையாளத்துப் பையன், வருவார் என்று ஒருத்தர் காத்திருக்கிறார், அவர் வரவே இல்லை, அதுதான் பாட்டு என்று எல்லோருக்கும் அர்த்தம் சொல்லியிருக்கிறான். அதில் ஒன்றும் பிசகில்லை. வேலை முடிந்து வந்தால் அறையில் எல்லோரும் முதலில் அம்மி பேச்சைக் கேட்கிறார்களாம், பிறகு அந்தப் பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் படுக்கிறார்களாம். எலிசபெத் உள்ளேயிருந்து வந்து, அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னாள். உங்கள் தங்கை தையல் மெஷினை அடுக்களைப் பக்கம் நகர்த்தினாள். குருவானவரிடம் கொடுத்த கடிதத்தை நான் இப்போதே போய்த் திருப்பி வாங்கவேண்டும். ஞாயிறு சாயங்காலம் ஆர்மோனியத்தோடு மௌலாலிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாள் ஒரு பக்கம் பேசுவார், மறுபக்கம் எனக்கு விட்டுத் தருவார். லம்பா நக்கோ, ரொம்ப நீட்டிப் பாடவேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் நீட்டப்போவதில்லை. முன்பாதி அம்மா குரலுக்கு அடியில் அழிந்துபோயிற்று அல்லவா, அந்தப் பாட்டு எப்படி ஆரம்பிக்கும் என்று பையன் கேட்டிருக்கிறான்.